நூற்றுக்கு எத்தனை பைசா? – வாசகர் கேள்வி பதில்

உழைக்காத நேரத்திலும் வருமானம் வர வழி உண்டா என்ற பொருளில் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். இன்று ‘பாஸிவ் இன்கம்’ என்று எல்லோரும் பேசும் இதை நம் வீடுகளில் வட்டி, வாடகை, குத்தகை என்ற பெயர்களில் வெகுகாலமாக அறிவோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வங்கிக் கிளைகளில் வைப்புத்தொகைப் பிரிவிலும் நகைக்கடன் பிரிவிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், பதில்களுக்கு முன்னால் ஓர் அளவுகோலை உங்கள் கையில் கொடுத்துவிட விரும்புகிறேன்.

நம் ஊரில் கைமாற்றுக் கடன் பேசுகிறவர்கள் ஆண்டுச் சதவீதம் சொல்வதில்லை. ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது எல்லோருக்கும் புரியும். வங்கியும் அஞ்சலகமும் காப்பீட்டு நிறுவனமும் ஆண்டுக் கணக்கில் பேசுகின்றன. இரண்டு மொழிகளும் தனித்தனியே ஓடுவதால் கடனையும் சேமிப்பையும் நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை. ஆண்டுச் சதவீதத்தை 12 ஆல் வகுத்துவிட்டால் போதும்: 6 சதவீதம் என்பது ஐம்பது பைசா வட்டி, 7 சதவீதம் என்பது 58 பைசா வட்டி, 12 சதவீதம் என்பது ஒரு ரூபாய் வட்டி. கீழே உள்ள பதில்கள் அனைத்திலும் இந்தக் கணக்கையே பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: பனியன் நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் பவர் டேபிள் டெய்லர். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் சுமார் 32,000 ரூபாய். 2023 இல் மகளின் மருத்துவச் செலவுக்காக மூன்று நகைகளை அடகுக்கடையில் தனித்தனியாக 20,000, 40,000, 60,000 ரூபாய்க்கு வைத்தோம். இரண்டு வட்டி. அன்றிலிருந்து மாதம் தவறாமல் 2,400 ரூபாய் வட்டி கட்டுகிறோம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எல்லாச் செலவும் போக 1,600 ரூபாய் மிஞ்சுகிறது. அதை எதில் போட்டால் மாத வருமானம் வரும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாதம்கூடத் தவறாமல் 2,400 ரூபாய் கட்டி வரும் உங்களிடம் பணம் சேர்க்கத் தேவையான ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒழுங்கின் பலன் மட்டும் அடகுக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1,600 ரூபாயை நீங்கள் எந்த வங்கியில் போட்டாலும் 50, 60 பைசா வட்டிதான் கிடைக்கும். அதே வீட்டிலிருந்து இரண்டு ரூபாய் வட்டி வெளியே போகும்போது அந்த 60 பைசாவால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆகவே, உங்கள் முதல் முதலீடு இந்த நகைக்கடனை இடம் மாற்றுவதுதான்.

பொதுத்துறை வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் நகைக்கடனுக்கான வட்டி இடத்துக்கு இடம் மாறும். 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 79 பைசா வட்டி. 1,20,000 ரூபாய்க்கு மாதம் 950 ரூபாய்தான் வருகிறது. கடையில் கட்டுகிற 2,400 ரூபாயோடு ஒப்பிட்டால் மாதம் 1,450 ரூபாய் உங்கள் கையில் நிற்கிறது. எந்தத் திட்டத்திலும் சேராமல், எந்த ஆபத்தும் இல்லாமல் கிடைக்கும் இந்தத் தொகையை உங்கள் குடும்பத்தின் முதல் உழைக்கா வருமானம் என்றே நான் கருதுகிறேன்.

நகையை மீட்க முதலில் மொத்தப் பணமும் வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். பலர் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். மூன்று நகைகளும் தனித்தனி ரசீதில் இருப்பது உங்களுக்குச் சாதகம். தீபாவளி போனஸ் வந்ததும் 20,000 ரூபாய் நகையை மட்டும் மீட்டு, அன்றைக்கே வங்கியில் வையுங்கள். 2023 இல் இருந்ததைவிட இன்று தங்கத்தின் விலை வெகுவாக உயர்ந்துவிட்டதால், அதே நகைக்கு வங்கி அன்று கடை கொடுத்ததைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்கும். அந்தப் பணத்தையும் உங்கள் கணவரின் போனஸையும் சேர்த்து 40,000 ரூபாய் நகையை மீட்டு, அதையும் வங்கியில் வைத்து, அதில் வரும் பணத்தில் மூன்றாவதை மீட்டுவிடலாம். இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வங்கி கூடுதலாகத் தருகிறது என்பதற்காகக் கூடுதலாக வாங்கிவிடாதீர்கள். அடுத்த நகையை மீட்க எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் எழுதி வாங்குங்கள். மூன்றும் மாறி முடிந்தபின் மொத்தக் கடன் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

அதன்பிறகு நீங்கள் செய்ய வேண்டியது, கடைக்குக் கட்டிய அதே 2,400 ரூபாயை மாதந்தோறும் வங்கிக்குக் கட்டுவது மட்டுமே. வட்டி போக மீதி அசலில் கழியும். சுமார் 5 ஆண்டு 4 மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்து மூன்று நகைகளும் வீட்டுக்கு வந்துவிடும். கடையிலேயே விட்டிருந்தால் அதே காலத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வட்டியாகக் கொடுத்தும் 1,20,000 ரூபாய் அசல் அப்படியே நின்றிருக்கும். மிஞ்சுகிற 1,600 ரூபாயை முதல் ஓர் ஆண்டு மட்டும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டு வாருங்கள். அது ஏறத்தாழ 19,000 ரூபாயாகச் சேரும். மகளுக்கு மீண்டும் காய்ச்சல் என்றால் நகை மறுபடியும் அடகுக்கடைக்குப் போகாமல் காப்பது அந்தத் தொகைதான். இரண்டாம் ஆண்டிலிருந்து அந்த 1,600 ரூபாயையும் கடனில் சேர்த்துக் கட்டினால் மொத்தமாக மூன்றரை ஆண்டுக்குள் கடன் முடிந்துவிடும். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடு உடையது. ஆகவே ஆண்டு முடிவதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பாருங்கள். திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு 2024-25 ஆம் ஆண்டுக்கு 8.25 சதவீதம், அதாவது 69 பைசா வட்டி கொடுத்தார்கள். எந்த வங்கியின் சாதாரண வைப்பும் எளிதில் தராத வட்டி அது. கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்ணை (யு.ஏ.என்.) புதிய கம்பெனியில் கொடுத்து, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் பங்கை இடையில் எடுக்காமல் மொத்தப் பணிக்காலம் 10 ஆண்டுகளைத் தொட்டுவிட்டால் 58 வயதிலிருந்து வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியம் உண்டு. தொகை பெரிதாக இராது. ஆனால் வயதான காலத்தில் பிள்ளைகளிடம் கேட்காமல் கையில் வரும் பணம் எவ்வளவு சிறிதாயினும் எவ்வளவு பெரிது என்பதை என் கவுண்டருக்கு முன்னால் நின்ற எத்தனையோ முதியவர்களின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வயது 24. மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 38,000 ரூபாய் சம்பளம். அப்பா லாரி ஓட்டுநர். வீடு என் சம்பளத்தையும் நம்பியிருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் பணம் போடும் எஸ்.ஐ.பி. ஒன்றை மாதம் 5,000 ரூபாயில் தொடங்க ஆசை. மூன்று வாரங்களுக்கு முன் மாமா ஒருவர் மூலம் காப்பீட்டுப் பாலிசி எடுத்தேன்: ஆண்டுக்கு 48,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால் 20 ஆம் ஆண்டு முடிவில் சுமார் 14 லட்சம் கிடைக்கும் என்கிறார். கிரெடிட் கார்டில் 22,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். சரியான பாதையில் இருக்கிறேனா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவதால் அபராதம் மட்டுமே தவிர்கிறது. மீதி நிலுவைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பல கார்டுகளில் அது மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். நம் அளவுகோலில் மூன்றரை ரூபாய் வட்டி. கிராமத்தில் ஒருவர் இந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் அவரைக் கந்துவட்டிக்காரர் என்கிறோம். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 2003 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 22,000 ரூபாய்க்கு மாதம் 770 ரூபாய் வட்டி, அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. எஸ்.ஐ.பி. தொடங்கும் எண்ணத்தை ஐந்து மாதம் தள்ளிவைத்து, அந்த 5,000 ரூபாயை முழுவதும் கார்டுக்குக் கட்டுங்கள். அதுவரை கார்டைப் பயன்படுத்த வேண்டாம்.

பாலிசியைப் பற்றி. 7,20,000 ரூபாய் கட்டி 14 லட்சம் வாங்குவது ஏறத்தாழ இரட்டிப்பு என்று கேட்கும்போது மனம் மகிழ்கிறது. ஆனால் பணம் 15 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 20 ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம், அதாவது 42 பைசா வட்டி. அஞ்சலகத் தொடர் வைப்பே இதைவிடக் கூடுதலாகத் தருகிறது. காப்பீடு என்ற முறையிலும் இது உங்கள் குடும்பத்துக்குப் போதாது. உங்கள் சம்பளத்தை நம்பிப் பெற்றோர் இருப்பதால் உங்களுக்குக் காப்பீடு அவசியம். அதற்கு டேர்ம் பாலிசி எனப்படும் தூய ஆயுள் காப்பீடே ஏற்றது. உங்கள் வயதில், புகைப்பழக்கம் இல்லாதவருக்கு, இந்த 48,000 ரூபாயின் சிறு பகுதியிலேயே 50 லட்சம், ஒரு கோடி என்ற அளவுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் காரணம் எழுதித் திருப்பிக் கொடுத்தால், சிறிய கழிவுகள் போகக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. உங்களுக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. மாமாவின் மனம் வருந்துமே என்று தயங்காமல், முதலில் அவரிடம் நேரில் சொல்லிவிட்டு, பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்டுக் கடன் தீர்ந்து, நான்கைந்து மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேர்ந்தபிறகு எஸ்.ஐ.பி. தொடங்கலாம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றே போதும். இடைத்தரகருக்குக் கமிஷன் போகாத ‘டைரக்ட்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளிலும் அந்த வகை இருக்கிறது. இதற்குப் பைசாக் கணக்கு சொல்ல முடியாது, ஏனென்றால் இது வட்டி தரும் பொருளே அல்ல. 2020 ஜனவரியில் உச்சத்தில் இருந்த நிஃப்டி, மார்ச் மாதத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. 2008 இல் மற்றொரு பங்குக் குறியீடான சென்செக்ஸ் பாதிக்கு மேல் விழுந்தது. இரண்டு முறையும் மீண்டது என்றாலும், விழுந்து கிடக்கும் மாதங்களில் வீட்டு வாடகைக்கு அதைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை உங்களுக்கு வந்துவிடக் கூடாது. பத்து ஆண்டுகளுக்குத் தொட வேண்டிய அவசியம் இல்லாத பணத்தை மட்டும் அதில் போடுங்கள்.

கேள்வி: தனியார் பஞ்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வயது 61. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 28 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஓய்வூதியம் 2,900 ரூபாய்தான். என் மைத்துனருக்குத் தெரிந்தவர்கள் நடத்தும் நிதி நிறுவனத்தில் இரண்டு வட்டி தருகிறார்கள். மாதம் 56,000 ரூபாய் வரும், ஈட்டுக்குப் பின்தேதியிட்ட காசோலையும் தருகிறார்கள். மைத்துனருக்கு ஒன்பது மாதமாகத் தவறாமல் வட்டி வந்திருக்கிறது. போடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, போட வேண்டாம். உங்கள் 34 ஆண்டு உழைப்பு அந்த 28 லட்சத்தில் இருக்கிறது என்பதால் இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று, பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கத் தகுதி பெற்ற நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. அதாவது சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே ஒரு ரூபாய் நான்கு பைசா. இரண்டு ரூபாய் தருகிறேன் என்று ஒருவர் சொன்ன அந்தக் கணமே அவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார் என்று அறிந்துகொள்ளலாம். கூட்டாண்மை நிறுவனமாகவோ தனிநபராகவோ நிதித் தொழில் நடத்துகிறவர்கள் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதற்கே ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அனுமதியில்லாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே சொல்கிறது. உங்களுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து, அலுவலகச் செலவும் செய்து, தானும் லாபம் பார்க்க வேண்டும் என்றால், அந்த நிறுவனம் உங்கள் பணத்தை மூன்று, நான்கு ரூபாய் வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, அது முழுவதும் தவறாமல் திரும்பி வர வேண்டும். மூன்று, நான்கு வட்டிக்குக் கடன் வாங்கும் நிலையில் இருப்பவர்களால் அப்படித் தவறாமல் கட்ட முடியுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மைத்துனருக்கு ஒன்பது மாதம் வட்டி வந்ததை நான் நம்புகிறேன். இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் முதலில் சேர்ந்தவர்களுக்கு வட்டி ஒழுங்காகவே வரும். பின்னால் வருகிறவர்களின் பணத்திலிருந்து அது கொடுக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் 1990களில் தேக்கு மரத்தின் பெயரால் நடந்ததும், 2012 இல் பெருந்துறையில் ஈமு கோழியின் பெயரால் நடந்ததும் இதுதான். ஈமு பண்ணைகள் சரிந்த அந்த ஆண்டு எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் துணிப்பையில் பின்தேதியிட்ட காசோலைகளை அடுக்கி எடுத்துவந்து, இவற்றையெல்லாம் இன்றே மாற்ற முடியுமா என்று கேட்டார். கணக்கில் பணம் இல்லாத நிறுவனத்தின் காசோலை வெறும் காகிதம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த அந்தக் காலை நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. வைப்பாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றங்களும் உள்ளன. ஆனால் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுக் கொடுப்பதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடுகின்றன. 61 வயதில் அந்தக் காத்திருப்பு உங்களுக்கு வேண்டாம்.

இப்போது செய்யக்கூடியது. அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், 68 பைசா. உச்ச வரம்பு 30 லட்சம். அதில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் கணக்கில் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம், தனிக்கணக்கின் வரம்பான 9 லட்சத்தைப் போட்டால் மாதம் 5,550 ரூபாய். மீதி 4 லட்சத்தை அவசரத் தேவைக்காக ஒரு வங்கியில், ஒரே வைப்பாகப் போடாமல் ஒரு லட்சம் வீதம் நான்கு வைப்புகளாக வையுங்கள். ஒன்றை உடைக்க நேர்ந்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. எல்லாம் சேர்ந்து, ஓய்வூதியத்தோடு மாதம் 18,700 ரூபாயும் வங்கி வட்டியும் வரும். 56,000 ரூபாய் என்று மனத்தில் ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டவருக்கு இது குறைவாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அசல் 28 லட்சமும் அப்படியே இருக்கும்.

மத்திய நிதி அமைச்சகம் இந்த வட்டி விகிதங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும். ஆயினும் நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதம் ஐந்து ஆண்டு முழுவதும் மாறாது. மூத்த குடிமக்கள் திட்டத்தின் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வரி பிடித்தம் செய்ய வாய்ப்புண்டு. உங்கள் மொத்த வருமானத்துக்கு வரியே இல்லை என்பதால், அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் கொடுத்துவிடுங்கள். எல்லாக் கணக்குகளிலும் மனைவியின் பெயரை நாமினியாகப் பதிந்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வங்கி வைப்புக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் போட்டாலும் அது ஒன்றாகவே கூட்டப்படும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

உங்கள் மைத்துனரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இப்போது கேட்டால் அசல் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கலாம்.

கேள்வி: எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. மேல்தளத்தில் 700 சதுர அடியில் ஒரு போர்ஷன் கட்ட 14 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. கையில் 6 லட்சம் இருக்கிறது. 8 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்று எண்ணம். மாதம் 6,000 ரூபாய் வாடகை வரும். வாடகை வருமானம்தானே நிலையானது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாடகை நிலையானதுதான், கடன் தவணை அதைவிட நிலையானது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 லட்சத்துக்கு ஆண்டு வாடகை 72,000 ரூபாய் என்றால் 43 பைசா. ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால், வெள்ளையடித்து மோட்டார் பழுதும் பார்த்தால், 40 பைசாவுக்கும் கீழே இறங்கிவிடும். எட்டு லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில், 15 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 8,100 ரூபாய். 75 பைசா வட்டிக்கு வாங்கி 43 பைசா சம்பாதிப்பதால், வருகிற வாடகை முழுவதையும் கொடுத்த பிறகும் கைப்பணத்திலிருந்து மாதம் 2,100 ரூபாய் போட வேண்டியிருக்கும். கூடவே உங்கள் 6 லட்சமும் கட்டடத்தில் முடங்கிவிடும்.

எனக்குத் தோன்றுவது இது. குளியலறையோடு ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சிறு போர்ஷனை 5 லட்சத்துக்குள் கட்ட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அதற்கு 3,000 ரூபாய் வாடகை வந்தாலே 60 பைசா. கடனும் இல்லை, ஒரு லட்சம் கையிலும் இருக்கும். வைப்புத்தொகையின் வட்டி உயராது, வாடகையோ காலப்போக்கில் உயரும் என்பது இதில் கூடுதல் நன்மை. தனி மின் இணைப்புக்கும் கட்டட அனுமதிக்கும் ஆகும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் அக்கா பல ஆண்டுகளாக ஏலச்சீட்டு நடத்துகிறார். நல்ல மனிதர். பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தைவிட அவரிடம் கசர், அதாவது ஏலத் தள்ளுபடியிலிருந்து ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு, அதிகம். எதில் சேரலாம்? நகைக்கடைச் சேமிப்புத் திட்டமும் நல்லதுதானா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அந்த அக்காவின் நேர்மையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முதலிலேயே சீட்டை எடுத்தவர்களில் இருவர் கட்டாமல் போனால், அவர்களுக்காகத் தன் கைப்பணத்திலிருந்து கட்டும் வசதி அவருக்கு இருக்கிறதா? 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு பெற்று நடத்துகிறவர், சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அவருடைய கமிஷனும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பிணைக்காகவே கசர் சற்றுக் குறைந்தாலும் பதிவு பெற்ற சீட்டில் சேருங்கள். முன்னதாக ஏலம் எடுக்கிறவருக்குச் சீட்டு ஒரு கடன், கடைசிவரை காத்திருப்பவருக்கே அது சேமிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நகைக்கடைத் திட்டம் நகை வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும் பொருந்தும். நீங்கள் கட்டுவது வைப்பு அல்ல, பொருளுக்கான முன்பணம். அதனால்தான் 11 மாதத்தில் முடிக்கிறார்கள். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடும் அதற்கு இல்லை.

கேள்வி: கல்லூரி மாணவன். டெலிகிராமில் ஓட்டல்களுக்கு ரேட்டிங் போடும் வேலை கிடைத்தது. முதல் இரண்டு நாளில் 900 ரூபாய் வந்தது. பிறகு ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று 12,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். இப்போது பணத்தை எடுக்க வேண்டும் என்றால் இன்னும் 18,000 கட்ட வேண்டும் என்கிறார்கள். வீட்டில் சொல்லவில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, இனி ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். அந்த 900 ரூபாய் உங்கள் நம்பிக்கையைப் பெறுவதற்காகக் கொடுக்கப்பட்டது. திரையில் உங்கள் கணக்கில் தெரியும் தொகை எங்கும் இல்லை; 18,000 கட்டினால் அடுத்து 40,000 கேட்பார்கள். இந்த இதழ் கைக்கு வந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய தேதி, நேரம், பரிவர்த்தனை எண், அவர்கள் கொடுத்த யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை முடக்க முடியும். நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்புக் குறைகிறது. உரையாடல்களை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்; புகார் கொடுக்கப் போகும்போது அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும்.